முதுகைப் பார்த்துப் படகு ஓட்டியவர்

படகின் மூக்கு மணலில் முட்டி நின்றாலும் அவர் உடனே இன்ஜினை அணைக்க மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"எங்க அடிச்சுது?"

பன்னிரண்டு பெண்கள் அவருடைய படகில் உப்பளத்துக்குப் போய் வந்தோம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இந்தக் கேள்வி தப்பாது. இடுப்பிலா, கழுத்திலா, எந்த இடத்துக்கு வரும்போது அடித்தது, எத்தனை தடவை என்று ஆஸ்பத்திரியில் கேட்பதைப் போலக் கேட்பார். செல்வி அக்காதான் பெரும்பாலும் பதில் சொல்லுவார்.

"உன் தலையிலதான் அடிக்கணும் டிரைவரு. எறங்க வுடு, பசிக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும் அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

நாங்கள் அவரை டிரைவரண்ணன் என்றே கூப்பிட்டோம். ஊர் திண்டிவனம் ரோட்டுப் பக்கம், உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டியவர். பிறகு எங்கள் முதலாளியின் லோடு வண்டிக்கு வந்தார். முதலாளி கழுவெளிக் காயலுக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகள் எடுத்தபோது எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. ரோடு வழியாகப் போனால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும். மீனவர் குப்பத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, சின்ன இன்ஜின் ஒன்றை மாட்டினார்கள். பெண்களை ஏற்றி இறக்குகிற வேலைக்குக் குப்பத்து ஆட்கள் யாரும் வரவில்லை. அதனால் லோடு வண்டிக்காரரையே படகில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்து நாளில் கற்றுக்கொண்டார்.

முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்: "எனக்கு நீச்சல் தெரியாதும்மா. நீங்க பயப்பட வேணாம். உங்களுக்கும் சேத்து நானே பயந்து ஓட்டுறேன்."

படகை வண்டி என்பார். அலையை மேடு என்பார். "இன்னிக்கு மேடு ஜாஸ்தி, புடிச்சிக்கோங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். குப்பத்துக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை. எதிரே வருகிற படகிலிருந்து, "ஏம்பா, ஹாரன் அடிச்சிட்டு வாப்பா" என்று கத்துவார்கள். அவரும் சளைக்காமல் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவார். அவர்கள் அலையின் மேல் தட்டிக்கொண்டு பறப்பார்கள். இவர் ஒவ்வொரு அலைக்கும் வேகத்தைக் குறைத்து, நேராக மோதாமல் கொஞ்சம் சாய்த்து ஏற்றி, சாய்த்தே இறக்குவார். வேகத்தடையைக் கண்ட வேன் மாதிரி இருக்கும்.

வேனில் அவருக்கு ஒரு கண்ணாடி இருந்திருக்கும். ஏறுகிறவர்களின் முகத்தை அதில் பார்த்திருப்பார். படகில் அவர் கடைசியில், இன்ஜினைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நாங்கள் எல்லாரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம். அவருக்குத் தெரிந்தது பன்னிரண்டு முதுகுகள். அதை வைத்தே எங்களைத் தெரிந்துகொண்டார். "ரெண்டாவது பலகையில சேப்பு ஜாக்கெட்டு, உனக்கு நேத்து தூக்கம் இல்லையாம்மா?" என்பார். சரியாக இருக்கும்.

காலையில் அந்தத் தண்ணீர் தட்டு மாதிரிக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் தெற்குக் காற்று எழும்பும். கழுவெளித் தண்ணீர் கடலுக்குப் போகிற அந்த வாயில் காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். குட்டி குட்டியாக, நெருக்கமாக அலை கிளம்பும். பெரிய அலை படகை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். இந்தக் குட்டி அலைகள் அப்படி இல்லை. மூக்கைத் தூக்கி நட்டென்று கீழே போடும். உட்கார்ந்திருக்கும் பலகை நம்மை அடிக்கும். இருபது நிமிஷத்தில் எத்தனை அடி என்று எண்ண முடியாது.

பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அடி குறைவு. மூக்குப் பக்கம் உட்கார்ந்தால் முழு அடியும் நமக்குத்தான். மூக்கு வழியாகத்தான் படகில் ஏற வேண்டும், எல்லாரும் ஏறிப் பின்னால் போய் இடம் பிடித்துவிடுவார்கள். நான் யாரையும் முந்த மாட்டேன். எனக்கு மிஞ்சுவது முதல் பலகை. அதனால் டிரைவரண்ணன் எனக்கு முன்சீட்டு என்று பெயர் வைத்துவிட்டார். "முன்சீட்டு இன்னா சொல்லுது?" என்று தினமும் தனியாகக் கேட்பார். அடி எப்படி விழுகிறது என்று என்னைக் கேட்டால்தான் அவருக்குச் சரியான பதில் கிடைக்கும்.

நான் தினமும் ஒரே பதில்தான் சொன்னேன். "பரவால்லண்ணே, நல்லா இருக்கு."

அது பொய். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து அப்போது இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பளு தூக்கக்கூடாது, ஆட்டம் அதிர்ச்சி கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மேஸ்திரியிடம் டைபாய்டு என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் எங்களோடு வேலை செய்த ஒருத்திக்கு இதே ஆபரேஷன் நடந்தது. "ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்று மேஸ்திரி அன்பாகத்தான் சொல்லி அனுப்பினார். அவள் கூடையை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அறுப்பு நடவு சமயத்தில் மட்டும்தான் வேலை. வீட்டில் நிலையாக இருந்தது என் கூடை ஒன்றுதான். அதை விட எனக்கு மனமில்லை. கூடையில் முக்கால் அளவு உப்பை வாரி, மேலே குவித்து நிறைந்த மாதிரி காட்டித் தூக்கிக்கொண்டிருந்தேன்.

படகு கரை சேரும்போது மேஸ்திரி அங்கே பைக்கில் உட்கார்ந்திருப்பார். அவர் காதுபட எங்கே அடித்தது என்று எப்படிச் சொல்வேன்?

ஒரு நாள் முன்பக்கம் தண்ணீர் நிறைய அடித்து எல்லாருடைய சேலையும் நனைந்தது. செல்வி அக்கா, "வீட்ல ஒரு தடவ குளிக்கணும், இங்க ஒரு தடவ குளிக்கணுமா?" என்று சண்டைக்கு வந்தார். மறுநாள் சாயங்காலம் கிளம்பும் முன் டிரைவரண்ணன் இன்ஜின் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு இரும்புப் பின்னைக் கழற்றி, அடுத்த ஓட்டையில் போட்டார். இன்ஜின் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்தது. அதனால் படகின் மூக்கு உயர்ந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மூக்கு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயரத்திலிருந்து விழவும் செய்தது. அன்றைக்கு முதல் அடியிலேயே தையல் போட்ட இடத்தில் யாரோ விரலை விட்டு இழுப்பது போல இருந்தது.

"முன்சீட்டு இன்னா சொல்லுது?"

"முன்ன விட நல்லா இருக்குண்ணே" என்றேன். மற்றவர்கள் காய்ந்த சேலையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அந்தப் பின்னை அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் அவருக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். நான் சொன்ன பதிலோடு அவர் பார்த்தது பொருந்தவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி மூடி, பலகையில் நீளவாக்கில் கட்டிப் படுக்க வைத்தார். பாட்டிலுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒரு வாரம் பார்த்துவிட்டு, மூக்கு லேசாக இருக்கிறது, அங்கே பாரம் வேண்டும் என்று முடிவு செய்தார். குண்டாக இருப்பவர்கள் முன்னால் வந்தால் காரியம் முடிந்தது. அதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. மூன்று நாள் சுற்றி வளைத்து, முன்னால் காற்று நன்றாக வருமே என்று செல்வி அக்காவிடம் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குய்யா காத்து? ஓ, வெயிட்டுக்குக் கூப்புடுறியா? உம் பொண்டாட்டிய இட்டாந்து உக்கார வையேன்."

அதோடு அந்தப் பேச்சை விட்டார். உப்பளத்தில் பாரத்துக்குப் பஞ்சமா? தரையில் கொட்டி மண் கலந்த உப்பை இரண்டு சாக்கில் கட்டி மூக்கில் வைத்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பிறந்ததிலிருந்து உப்பு வாருகிற பெண்கள் பன்னிரண்டு பேர், உப்பு மேஸ்திரி ஒருவர். ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் படகு அடங்கிப் போனது. அடி பாதியாகக் குறைந்தது. வலியில்லாமல் இறங்கினேன். இரண்டாம் நாள் அலை சாக்கின் மேல் தெறித்தது. உப்பு கரைந்து படகுக்குள் ஓடியது. எங்களுக்கெல்லாம் பாதத்தில் வெடிப்பு. வெடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று பாத்தியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். பன்னிரண்டு பேரும் காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு அவரைத் திட்டினோம். நான்காம் நாள் சாக்கு இரண்டும் பஞ்சு போன தலையணை மாதிரி சுருங்கிக் கிடந்தன.

"உப்பு கரையும்னு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவரே முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முன்சீட்டு, நீ சொல்லு. மூட்டை இருந்தப்ப தேவலையா, இல்லாதப்ப தேவலையா?"

மேஸ்திரி பைக்கில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை இருந்தபோது நன்றாக இருந்தது என்றால், உனக்கு மட்டும் ஏன் அப்படி என்று யாராவது கேட்பார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றேன்.

அவர் சாக்குகளை எடுத்துக் கரையில் போட்டார். பாரம் வைப்பதால் பயனில்லை என்று அந்த யோசனையையே விட்டுவிட்டார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் காற்று மோசமாக இருந்தது. அவர் எவ்வளவு மெதுவாக ஓட்டியும் முடியவில்லை. பாதி வழியில் ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு கரை வரும் வரை இரண்டு கையாலும் பலகையை அழுத்திக்கொண்டு, உட்காராமல் உட்கார்ந்திருந்தேன். படகு மணலில் முட்டியது. எல்லாரும் என்னைத் தாண்டி இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பலகைகளைத் தாண்டி முன்னால் வந்தார். அப்படி அவர் வந்து நான் பார்த்ததில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்கம்மா?" என்றார்.

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"ஆபரேஷன் பண்ண எடம்ணே."

"எப்பலேர்ந்து?"

"நீங்க அந்தப் பின்ன மாத்துனதுலேர்ந்து ரொம்ப."

"அது ஒரு மாசம் ஆவுதேம்மா."

நான் தலையை ஆட்டினேன்.

"மூட்டை வெச்சப்ப?"

"அப்ப வலிக்கலண்ணே."

அவர் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார். "உன் முதுகு ஒண்ணு சொல்லிக்கினு இருந்துது. உன் வாய் ஒண்ணு சொல்லுச்சு. நான் வாய நம்பிட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கரையிலிருந்து மேஸ்திரி, என்ன அங்கே என்று சத்தம் கொடுத்தார். தண்ணீரில் முழங்கால் வரை நின்றிருந்த செல்வி அக்கா திரும்பிப் பார்க்காமலேயே பதில் சொன்னார். "அவ சேலை பலகையில மாட்டிக்கிச்சு மேஸ்திரி. நீ போ, நாங்க எடுத்துக்குறோம்." அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து என் கூடையில் அரைக்கு மேல் உப்பு விழ அவர் விடவில்லை. மிச்சத்தைத் தன் கூடையில் வாரிக்கொண்டார்.

பத்து நாள் டிரைவரண்ணன் என்னைப் பின்னால், தனக்கு முன் பலகையில் உட்கார வைத்தார். அங்கேதான் அவரோடு நான் முதன்முதலில் மனம்விட்டுப் பேசினேன். வேன் ஓட்டிய காலத்தில், யாரோ புதிதாகப் போட்ட வேகத்தடையை அவர் கவனிக்கவில்லையாம். ஒரு யு.கே.ஜி. குழந்தைக்கு முன் சீட்டுக் கம்பியில் வாய் இடித்துப் பல் உடைந்துவிட்டது. வீடு போய்ச் சேரும் வரை அந்தக் குழந்தை அழவே இல்லையாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ரத்தத்தை முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். "கண்ணாடில பாத்துக்கினுதான் வந்தேன். ஒழுங்கா உக்காந்துக்கினு இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். காலையில் வலிப்பதில்லை, சாயங்காலம்தான் என்றேன். காலையில் காற்று இல்லையே, அதனால் இருக்கும் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். மழை மோடம் போட்டு, காலையிலேயே காற்றடித்த நாட்கள் இரண்டு இருந்தன. சாயங்காலத்துக்குக் குறையாத அலை. அன்றைக்கும் போகும்போது வலிக்கவில்லை, வரும்போதுதான் வலித்தது. அதையும் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் ஏறும்போது இன்ஜினைக் கிளப்பாமல் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் கேனில் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவோம். ஏறியதும் கேனைக் காலடியில் வைக்க இடமில்லாமல், மூக்கில் அடுக்கிவிட்டுப் போய் உட்காருவோம். பன்னிரண்டு கேன். சாயங்காலம் அத்தனையும் காலி.

"அடப்பாவிங்களா," என்றார், "தெனமும் காலையில நீங்களே வண்டிய சரி பண்ணி ஏத்திக்கினு இருக்கீங்க."

அன்று மாலை, தூக்கிப் போட்டிருந்த நான்கு பெரிய கேன்களைக் கழுவி, பாத்திக்குப் பாய்ச்சக் காய வைத்திருந்த, உப்பேறிக் கெட்டியான தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, மூக்கில் கயிறு போட்டுக் கட்டினார். நல்ல தண்ணீரை விட அது எடை கூடுதல். பின்னைப் பழைய ஓட்டைக்கே மாற்றினார். நான்கு கேன் அதிகம் என்று அன்றே தெரிந்துவிட்டது. மூக்கு அலைக்குள் நுழைந்து, ஒரு குடம் தண்ணீரை அள்ளி, என் இடத்தில் முதல் பலகையில் உட்கார்ந்திருந்த செல்வி அக்காவின் மடியில் கொட்டியது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறுநாள் மூன்று கேன் வைத்தார். முன்பக்கம் தெறிக்கிற தண்ணீருக்கு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். கரை வந்ததும் கேன்களைத் தண்ணீரிலேயே கவிழ்த்துவிடுவார். மறுநாள் மறுபடி நிரப்புவார். ஒரு நாளும் இதற்கு அவர் எங்களை உதவிக்குக் கூப்பிடவில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்குக் கரைமேல் கப்பி ரோடு போட்டுவிட்டார்கள். லோடு ஆட்டோவில் போகிறோம். படகை விற்ற பிறகு அவர் பொம்மையார்பாளையம் பக்கம் வேன் ஓட்டுவதாகச் செல்வி அக்கா சொன்னார். நான் போய்ப் பார்த்ததில்லை.

மூன்று கேன் வைத்த அன்றைக்கு, பின்னால் எனக்கென்று வைத்திருந்த இடத்தில் நான் உட்காரவில்லை. நேராக முதல் பலகைக்குப் போனேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் அத்தனை நாளும் பொய் சொன்னேன், அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. காற்று வழக்கம்போல எழும்பியிருந்தது. முதல் அலை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூக்கு அலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், மெத்தென்று வெளியே வந்தது. அடுத்ததும் அப்படித்தான். நான்காவதோ ஐந்தாவதோ, அதற்கு மேல் எண்ணியதாக நினைவில்லை.

கண் விழித்தபோது இன்ஜின் சத்தம் இல்லை. படகு மணலில் நின்றிருந்தது. மேஸ்திரி கூடக் கிளம்பிப் போயிருந்தார். நான் கேன்களின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில்கூட அப்படித் தூங்கியதில்லை. திரும்பிப் பார்த்தேன். பதினோரு பெண்களும் அவரவர் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஒருத்தி எழுந்தாலும் படகு ஆடும். மடியில் பையை வைத்துக்கொண்டு, பேசாமல், எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார்களோ. அவருக்கும் முன்னால் அதே முதுகுகள்தான் தெரிந்திருக்கும். இன்ஜினில் கையை வைத்தபடி அவரும் அப்படியே இருந்தார்.

செல்வி அக்கா எழுந்து சேலையை உதறினார்.

"எழுந்துட்டியாடி? வா, வா. அடுப்பு பத்த வெக்கணும்."